அடுத்த வாரம் யார் பார்ப்பார்கள்?

மனநலச் சிக்கலுக்கோ போதைப் பழக்கத்துக்கோ உதவி தேடத் தொடங்கும் குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே "எந்த இடம் நல்ல இடம்?" என்றுதான் விசாரிக்கின்றன. என் அண்ணனுக்காகத் தேடியபோது எங்கள் வீட்டிலும் அதே விசாரணைதான் நடந்தது. அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. அதற்கும் முன்பிருந்தே, யாரும் நோய் என்று கருதாத மனச்சோர்வும் இருந்தது. பெரிய மருத்துவமனை, கைராசியான மருத்துவர், பேர்போன மறுவாழ்வு மையம் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். அவற்றில் பல உண்மையிலேயே நல்ல இடங்கள்தாம். ஆனால் அந்த அலைச்சலையெல்லாம் கடந்து வந்த பிறகு, இன்று என்னிடம் யாரேனும் வழி கேட்டால், இடத்தின் பெயரை விட்டுவிட்டு வேறொரு கேள்வியைக் கேட்கச் சொல்கிறேன். இங்கிருந்து வெளியே வந்த அடுத்த வாரம் இவரை யார் பார்ப்பார்கள்? இதற்கு ஓர் ஆளின் பெயரும் ஒரு தேதியும் பதிலாகக் கிடைக்குமானால், கட்டடம் எப்படி இருந்தாலும், அந்த இடத்தை நம்பிப் போகலாம். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்பது அன்பான பதில்தான். ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் ஏற்பாடு செய்ய முடியாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மனநலச் சேவைகளும் போதை மீட்புச் சேவைகளும் பல நாடுகளில் தனித்தனியாக வளர்ந்தவை. துறை வேறு, நிதி வரும் வழி வேறு, பணியாளர்கள் பெறும் பயிற்சியும் வேறு. நோயாளியின் உடம்பும் மனமும் மட்டும் ஒன்றாகவே இருக்கின்றன. அண்ணனை முதலில் பார்த்த மனநல மருத்துவமனையில், குடியை நிறுத்திவிட்டு வந்தால்தான் மனச்சோர்வுக்கு மருத்துவம் பார்க்க முடியும் என்றார்கள். குடி மீட்பு மையத்திலோ, இவருக்கு மனச்சோர்வு கடுமையாக இருக்கிறது, அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்றார்கள். இரு தரப்பிலும் பேசியவர்கள் கனிவானவர்கள். தத்தம் விதிப்படி சரியாகவே பேசினார்கள். நடுவில் நின்ற அண்ணன்தான் பந்தாடப்பட்டார். ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பப்பட்டபோதும், தன்னைப் போன்றவருக்கு எங்குமே இடமில்லை என்ற அவருடைய பழைய நினைப்புக்கு இன்னொரு சான்று கிடைத்தது.

இரண்டும் ஒருவரிடம் சேர்ந்து காணப்படுவது அரிதான நிலை அல்ல; இந்தத் துறையில் வேலை செய்கிற எவரும் அன்றாடம் காண்பதுதான். மது சில மணி நேரம் பதற்றத்தைத் தணிக்கும். பிறகு தூக்கத்தைக் குலைத்து, மனச்சோர்வை முன்னைவிட ஆழமாக்கும். குடியை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு மனச்சோர்வு தானே விலகிவிடுகிறது, சிலருக்கு விலகுவதில்லை. யாருக்கு எது நடக்கும் என்பதை இரண்டையும் ஒருசேரக் கவனிக்கிற ஒருவரால்தான் சொல்ல முடியும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கடுமையான மனநோய் உள்ளவர்களைப் போதைப் பயன்பாட்டைக் காரணம் காட்டி மனநலச் சேவையிலிருந்து விலக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படி ஒரு விதியை எழுதிவைக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்தே, விலக்குவது எவ்வளவு வழக்கமாக இருந்திருக்கிறது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே தொலைபேசியில் விசாரிக்கும்போது, முதல் வாக்கியத்திலேயே இரண்டு சிக்கல்களையும் சொல்லிவிடுவது நல்லது. ஒன்றை மறைத்துச் சேர்த்துவிட்டால், அது வெளிப்படும் நாளில் மீண்டும் வாசலுக்கு வர நேரும். அதோடு, "இரண்டையும் ஒரே குழு பார்க்குமா, இல்லையென்றால் மற்றதைப் பார்க்கப்போகிறவரோடு நீங்களே பேசுவீர்களா?" என்றும் கேட்டுவிட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு, குடும்பத்தை ஏற்கெனவே அறிந்த பொது மருத்துவரே பெரும்பாலும் போதுமான தொடக்கம். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வைப் போலவே வேடமிட்டு வருவதுண்டு. அவற்றை ஓர் எளிய இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவம் குடியின் அளவையும் அதன் விளைவுகளையும் 0 முதல் 40 வரை மதிப்பிடுகிறது. 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டும் என்று பொருள். மனச்சோர்வுக்குப் பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள் இருக்கின்றன. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. இவை எதையும் முடிவுகட்டும் சோதனைகள் அல்ல. ஆனால் "கொஞ்சம் குடிப்பார், கொஞ்சம் டல்லாக இருப்பார்" என்று வீட்டில் வழங்கும் மொழியை, அடுத்த மருத்துவர் உடனே புரிந்துகொள்ளும் மொழிக்கு இவை மாற்றித் தருகின்றன. பரிந்துரைக் கடிதத்தில் அந்த இரண்டு எண்களும் இருந்தால், அதன் பிறகு நடக்கும் உரையாடலே வேறு மாதிரி இருக்கும்.

ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணங்கள் வந்தனவா என்று கேட்கிறது. இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று பல வீடுகளில் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. நேரடியாகக் கேட்கப்பட்டவர்களில் பலர் ஆறுதலே அடைகிறார்கள். ஆம் என்ற பதில் வந்து, அதோடு திட்டமும் வழியும் கைவசம் இருப்பதாகத் தெரிந்தால், பிறகு சேவை தேடும் வேலை கிடையாது. அவரைத் தனியே விடாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழைத்து, அவர்கள் சொல்வதைச் செய்ய வேண்டும்.

அவசரம் என்று வரும்போது குடி நிறுத்தத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நல்லெண்ணமே ஆபத்தாகிவிடுகிறது. நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகியவரை ஓர் அறையில் வைத்துத் திடீரென நிறுத்தச் செய்தால், சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை ஏற்படலாம். அப்போது அவர் இல்லாததைக் காண்பார். நேரமும் இடமும் தெரியாது. காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிர் போகும் வாய்ப்பும் உண்டு. நெடுங்காலம் எடுத்துக்கொண்ட தூக்க மாத்திரைகளையும் பதற்றத்துக்கான மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். எனவே நிறுத்துவதென்றால் எங்கே, யார் கண்காணிப்பில் என்பதை மருத்துவரோடு முடிவுசெய்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். நிறையக் குடிப்பவர்களில் பலருக்கு வைட்டமின் பி1 குறைந்திருக்கும். அது மிகவும் குறைந்தால் மூளைக்கு நிலையான சேதம் ஏற்படலாம் என்பதால், முதல் நாளிலேயே அதை ஊசியாகத் தருகிறார்களா என்று கேட்பது ஒரு மையத்தின் மருத்துவத் தரத்தை அறிய நல்ல வழி.

போதையை உடம்பிலிருந்து வெளியேற்றும் நச்சு நீக்கத்தோடு சிகிச்சை முடிந்துவிட்டதாக எல்லோரும் மூச்சுவிடும் நேரம்தான், உண்மையில் ஆபத்து கூடும் நேரம். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைகளில் இது மிகக் கடுமையானது. சில வாரங்கள் விலகியிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது; மனதோ பழைய அளவைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007-இல் வெளியான ஆய்வு, வெளியே வந்த முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருளின் மிகை அளவால் இறக்கும் வாய்ப்பு அதே மாநிலத்தின் மற்றவர்களைவிட 129 மடங்கு என்று கண்டது. மனநல மருத்துவமனைகளிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு: உள்நோயாளியாக இருந்தவர்கள் வீடு திரும்பிய முதல் வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். தலைப்பிலுள்ள கேள்வி எனக்கு உயிர் காக்கும் கேள்வியாகத் தோன்றுவது இதனால்தான்.

ஓபியாய்டு சார்பு உள்ளவருக்கு, ஏக்கத்தை அடக்கும் மருந்துகளான மெதடோன் அல்லது புப்ரெனார்ஃபின் தொடர்ந்து தரப்படுமா, மிகை அளவை முறிக்கும் நலக்ஸோனை வீட்டில் வைத்துக்கொள்ளத் தருவார்களா என்று கேட்க வேண்டும். முதல் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. ஒரு போதைக்கு மாற்றாக இன்னொரு போதை என்று சொல்லி இவற்றைக் கொள்கையாகவே மறுக்கும் மையங்கள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், அந்த மறுப்பு ஒன்றே வேறிடம் பார்ப்பதற்குப் போதுமான காரணம். குடிப்பழக்கத்துக்கும் நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. தேவையானவர்களில் பலர் அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. டைசல்ஃபிரம் என்ற இன்னொரு மாத்திரை, அதை எடுத்துக்கொண்டவர் குடித்தால் கடுமையான வாந்தியையும் படபடப்பையும் இரத்த அழுத்த வீழ்ச்சியையும் உண்டாக்குவது. இதை அவருக்கே தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கச் சொல்கிறவர்களும், "ரகசிய மருந்து" என்று விற்கிறவர்களும் உண்டு. தெரியாமல் உட்கொண்டவர் வழக்கம்போலக் குடித்தால் உயிருக்கே ஆபத்து. அத்தகைய யோசனை எங்கிருந்து வந்தாலும், அங்கே மேற்கொண்டு எதுவும் விசாரிக்கத் தேவையில்லை. அடைத்துவைப்பது, அடிப்பது, குடும்பத்தாரைப் பல வாரங்கள் பார்க்கவிடாமல் தடுப்பது, நூறு சதவீத உத்தரவாதம் தருவது ஆகியவையும் அப்படியே.

சமூகத்திலேயே சிகிச்சை என்ற எண்ணத்தின் வரலாறும், வெளியே வந்த பிறகு விழும் இந்த இடைவெளியின் வரலாறுதான். அமெரிக்காவில் 1950-களின் நடுப்பகுதியில் அரசு மனநோய் மருத்துவமனைகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். அவர்களை அவரவர் ஊரிலேயே பராமரிப்பதற்கான மையங்களை அமைக்கும் சட்டத்தில் அதிபர் கென்னடி 1963 அக்டோபர் 31-இல் கையெழுத்திட்டார். மருத்துவமனைகள் காலியாயின, திட்டமிட்ட மையங்களிலோ ஏறக்குறைய பாதிதான் எழுந்தன. வெளியே வந்தவர்களில் கணிசமானோர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1971-இல் மனநோய் மருத்துவமனையின் பொறுப்பேற்ற ஃபிராங்கோ பசாலியா வேறு வழியில் போனார். அங்கே மருத்துவமனையைக் கலைக்கும் வேலையோடு சேர்த்தே, நாள் முழுதும் திறந்திருக்கும், சில படுக்கைகளும் கொண்ட சிறு மையங்கள் பகுதி பகுதியாக அமைக்கப்பட்டன. உள்ளே பார்த்த அதே பணியாளர்கள் வெளியேயும் பார்த்தார்கள். 1978-இல் இத்தாலி புதிய மனநோய் மருத்துவமனைகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. பல தசாப்தங்களுக்குப் பிறகும் மற்ற நாட்டார் பார்க்கப் போவது திரியெஸ்தேவைத்தான்.

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஆளைக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதற்கு, நான் படித்ததில் மனதில் தங்கிய ஆய்வு மிகச் சிறியது. 1981-இல் வெளியானது, பங்கேற்றவர்கள் 20 பேர் மட்டுமே. எல்லோரும் குடிக்குச் சிகிச்சை பெற்றுவந்தவர்கள்; எல்லோரும் குடியை விட விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களுக்குப் போக வேண்டும் என்று அறிவுறுத்தப்பட்டவர்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் நேரமும் இடமும் சொல்லி, போவதன் நன்மையையும் எடுத்துச் சொன்னார்கள். மறு பாதியினருக்கு, ஆலோசகர் தம் அறையிலிருந்தே அந்த அமைப்பின் உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்தார். அந்த உறுப்பினர் தாமே உடன் அழைத்துப் போவதாகச் சொல்லி, முந்தைய நாள் இரவு நினைவூட்டவும் செய்தார். இரண்டாம் குழுவில் அனைவரும் போனார்கள். முதல் குழுவில் ஒருவர்கூடப் போகவில்லை. இருபது பேரை வைத்து உலக நியதி எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் தொலைபேசி எண் எழுதிய துண்டுச்சீட்டோடு யாரையாவது நான் வழியனுப்பும்போதெல்லாம் இந்த ஆய்வு நினைவுக்கு வருகிறது; அந்த எண்ணை அவர் எதிரிலேயே அழைத்துவிடுகிறேன்.

அந்தக் கூட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்கள் அவற்றைக் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து விலக முயன்ற ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவரும் சந்தித்ததில் தொடங்கியது அந்த அமைப்பு. கட்டணம் கிடையாது, பதிவு கிடையாது, காத்திருப்புப் பட்டியலும் கிடையாது. மற்ற எல்லாச் சேவைகளும் மூடியிருக்கும் மாலை நேரங்களில்தான் பெரும்பாலும் கூட்டங்கள் நடக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மீளாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இந்தக் கூட்டங்களோடு முறையாக இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்றச் சிகிச்சைகளைவிடச் சற்று மேலாகவே இருப்பதாகக் கண்டது. அந்தக் கூட்டங்களின் இறைச் சார்பான மொழி ஒவ்வாதவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி போன்ற அமைப்புகள் இருக்கின்றன. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். ஒரே அமைப்பின் இரண்டு கூட்டங்கள்கூட ஆட்களைப் பொறுத்து முற்றிலும் வேறாக இருக்கும். மருந்து எடுத்துக்கொள்கிறவர்களைக் குறைவாகப் பேசும் குழுவாக இருந்தால் மட்டும் தயங்காமல் விலகிவிட வேண்டும்.

சிகிச்சைக்கே வர மறுப்பவர்களை என்ன செய்வது என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அவரே உணர்ந்து வரும்வரை எதுவும் செய்ய முடியாது என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய கிராஃப்ட் என்ற பயிற்சி முறை குடிப்பவரை விட்டுவிட்டுக் குடும்பத்தாரோடு தொடங்குகிறது: எந்த நேரத்தில் பேசுவது, எப்போது விலகுவது, குடிக்காத நேரத்தை எப்படி இனிதாக்குவது, வன்முறை வந்தால் எப்படிப் பாதுகாத்துக்கொள்வது, அவர் இளகும் தருணத்தில் கொடுப்பதற்குச் சிகிச்சைத் தேதியை எப்படி முன்கூட்டியே வாங்கிவைத்திருப்பது என்றெல்லாம் சொல்லித்தருகிறது. 1999-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் 130 பேருக்கு மூன்று வகைப் பயிற்சிகளில் ஒன்று தரப்பட்டது. கிராஃப்ட் பயின்றவர்களின் வீட்டில் 64 சதவீதத்தினர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே திரண்டு நேருக்கு நேர் நின்று எடுத்துச் சொல்லும் முறையில் 30 சதவீதமும், குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களின் வழியில் 13 சதவீதமும் வந்தார்கள். அல்-அனானை இந்த எண்ணால் மட்டும் எடைபோடுவது நியாயமில்லை; 1951-இல் தொடங்கிய அந்த அமைப்பின் நோக்கம், குடிப்பவரைக் கொண்டுவருவதைவிட உடனிருப்பவர்கள் உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்வதே. எங்கள் அண்ணிக்கு அப்படி ஒரு கூட்டம் தந்த தெம்பை வேறு எதுவும் தரவில்லை. ஆகவே அழைத்து வரவேண்டியவர் மறுக்கிறார் என்றால், "குடும்பத்தாரை மட்டும் பார்ப்பீர்களா?" என்று மையங்களில் கேட்கலாம், பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

மனநல மருத்துவரே எட்டாத தொலைவில் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்து மனம் தளர வேண்டியதில்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 2006-இல் ஹராரே நகரின் சுகாதார மையங்களில் ஏற்கெனவே வேலை செய்துவந்த 14 பாட்டிகளுக்குப் பயிற்சியளித்து, மரப் பெஞ்சில் அமர்ந்து மக்களின் சிக்கல்களைக் கேட்கவைத்தார். ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச் என்ற அந்தத் திட்டத்தை 573 பேரிடம் சோதித்த ஆய்வு 2016-இல் வெளியானது. பாட்டிகளிடம் பேசியவர்களின் மனச்சோர்வு, வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அமர்வுகள் முடிந்த பின் அவர்கள் ஒரு குழுவில் சேர்க்கப்பட்டார்கள் என்பதை இந்தத் திட்டத்தைப் புகழ்கிறவர்கள் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். பட்டம் பெற்ற நிபுணர் மாதம் ஒருமுறை தரும் சில நிமிடங்களைவிட, பயிற்சி பெற்ற சமூகப் பணியாளரோ செவிலியரோ வாரந்தோறும் தரும் அரைமணி நேரம் பலருக்குக் கூடுதலாகப் பயன்படும் என்பது என் கணிப்பு. கடும் மனநோய்க்கும் மேலே சொன்ன குடி நிறுத்தச் சிக்கல்களுக்கும் இது பொருந்தாது. அங்கே மருத்துவர் இல்லாமல் முடியாது.

காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்கும் இடங்களில், பெயரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடக் கூடாது. யாரேனும் வராமல்போகும் நேரத்துக்கு உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லிவைக்கலாம். அதுவரை யாரைப் பார்ப்பது, நிலைமை மோசமானால் யாரை அழைப்பது என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரே தாளில் அவருடைய மருந்துகள், அளவு, முந்தைய சிகிச்சைகள், ஒவ்வாமை, கடைசியாகக் குடித்த அளவு ஆகியவற்றை எழுதிப் பல படிகள் எடுத்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வாசலிலும் முதலிலிருந்து கதை சொல்லும் வேதனை பாதியாகக் குறையும்.

முதல் நாளிலேயே கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: இவர் ஒருநாள் வராமல் போனால் என்ன செய்வீர்கள்? இரண்டு முறை வரவில்லை என்றால் கோப்பை மூடிவிடும் இடங்கள் இருக்கின்றன. வராத அன்றே அழைத்து விசாரிக்கும் இடங்களும் இருக்கின்றன. 1970-களில் அமெரிக்காவின் மாடிசன் நகரில் லென்னர்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் ஆகியோர் தொடங்கிய முறையில், வராதவரைத் தேடிச் சிகிச்சைக் குழுவே அவருடைய வீட்டுக்குப் போனது. அந்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. வராமல் போவதும் மீண்டும் குடிப்பதும் இந்த நோய்களின் போக்கிலேயே இருப்பவை. நீரிழிவு நோயாளியின் சர்க்கரை ஏறிவிட்டால் எந்த மருத்துவரும் அவரை வெளியேற்றுவதில்லை. அதே அளவுகோலை இங்கேயும் வைத்து, மீண்டும் குடித்துவிட்டு வந்தால் சேர்த்துக்கொள்வார்களா, எத்தனை முறை வராவிட்டால் பெயரை நீக்குவார்கள், நீக்கும் முன் குடும்பத்தாருக்குச் சொல்வார்களா என்பதைக் கேட்டு, பதில் சொன்னவரின் பெயரோடும் அவரை நேரடியாக அழைக்கும் எண்ணோடும் மேலே சொன்ன தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.